சோழர் காலத்தில் ஒரு தொடர்: எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும்

கேள்வி: சரித்திரக் களம் கொண்ட படங்களையும் தொடர்களையும் உலகம் முழுக்க ஏன் இப்படி விழுந்து விழுந்து பார்க்கிறார்கள்? நாங்கள் சிலர் சேர்ந்து ராஜராஜன் காலத்தில் நடக்கும் எட்டு அத்தியாயத் தொடர் ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறோம். பெரிய பட்ஜெட் கிடையாது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்:

முதல் கேள்விக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பழம்பெருமை, பிரம்மாண்டம், ஏக்கம் என்று. எழுதுகிறவன் பக்கத்திலிருந்து பார்த்தால் காரணம் இன்னும் எளிது. இன்றைய கதையைக் கெடுப்பது கைபேசி. இரண்டாம் காட்சியில் ஒரு அழைப்பு போட்டால் தீர்ந்துவிடும் சிக்கலை எட்டு அத்தியாயத்துக்கு இழுக்க, நாயகனின் போனில் சார்ஜ் தீர வேண்டும், டவர் கிடைக்காமல் போக வேண்டும். தஞ்சையிலிருந்து காஞ்சிக்கு ஓலை போக நாட்கள் ஆகும் காலத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஓலை வழியில் இருக்கும்போதே நிலைமை மாறிவிடும். பெற்றவன் பழைய செய்தியை நம்பிப் புதிய தப்பைச் செய்வான். பதற்றம் தானாக வந்து சேர்கிறது. அதோடு, அரசவையில் வாய் தவறி வந்த ஒரு சொல்லுக்கு உயிர் போகலாம், ஊரை விட்டே ஓட வேண்டி வரலாம். இன்றைய அலுவலகக் கதையில் அதிகபட்சம் வேலை போகும்.

இன்னொன்று, இன்றைக்குச் சொல்ல முடியாததைப் பழைய உடையில் சொல்லலாம். 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’யில் ராஜகுருவும் அவர் மகனும் ஆடும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பழங்கதை என்று மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. வியாபாரக் கணக்கும் உண்டு. இன்றைய பேச்சு வழக்கும் போன் மாடலும் ஐந்து வருடத்தில் பழசாகிவிடும். ஏற்கெனவே பழசாக இருப்பது அதற்கு மேல் பழசாவதில்லை, மறு ஒளிபரப்புக்கும் வெளிநாட்டு விற்பனைக்கும் தாங்கும். ஜப்பானின் என்.எச்.கே. 1963இலிருந்து ஆண்டுக்கொன்றாக ஞாயிற்றுக்கிழமை இரவில் சரித்திரத் தொடர் போட்டு வருகிறது. எந்த ஊர்க்காரரின் கதை வருகிறதோ அந்த ஊருக்குச் சுற்றுலாக் கூட்டம் போகும் என்பதால், எங்கள் ஊர்த் தலைவரைப் பற்றி எடுங்கள் என்று ஊர்களே மனுப் போடுகின்றன.

ஆனால் உங்களுக்கு ஜப்பானைவிடக் கொரியா அதிகம் உதவும். ஜோசன் வம்சத்தின் அரச நாட்குறிப்புகள் 1392 முதல் 1863 வரை இருக்கின்றன. எழுதிய சரித்திரக்காரர் என்ன எழுதினார் என்று அரசனே பார்க்கக்கூடாது என்பது முறை. 1404இல் தெஜோங் அரசன் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தான். எழுந்ததும், சரித்திரக்காரனுக்குத் தெரிய வேண்டாம் என்றான். அவன் விழுந்ததும் எழுதப்பட்டிருக்கிறது, தெரிய வேண்டாம் என்று சொன்னதும் எழுதப்பட்டிருக்கிறது. இப்படி அங்குலம் அங்குலமாகப் பதிந்த ஏட்டில் ஜாங்கும் என்ற பெண் மருத்துவரைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிகள்தான். அந்தச் சில வரிகளிலிருந்துதான் 2003இல் 54 அத்தியாயத் தொடர் பிறந்து ஆசியா முழுக்க ஓடியது. அரண்மனைச் சமையலறை, மருந்து, அதிகாரப் படிநிலை எல்லாம் ஏட்டில் இருந்தது. அவள் வாழ்க்கை இல்லை. இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், இல்லாததைக் கட்டினார்கள்.

உங்கள் தொடருக்கும் நான் சொல்லும் வழி இதுதான். எழுதப்படாமல் விட்ட இடத்தில் கதையை வையுங்கள். எழுதி வைத்த இடத்தில் கை வைக்காதீர்கள். பெரும்பாலான தமிழ் முயற்சிகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. பதிவான போரையும் பட்டாபிஷேகத்தையும் மாற்றிவிட்டு, அன்றாட வாழ்க்கையை வெறுமையாக விட்டுவிடுகின்றன.

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையே நல்ல எடுத்துக்காட்டு. அதைப் பற்றி நாவலும் படமும் வந்து குவிந்ததற்கு அடிப்படை, காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டு. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்லி, அந்தத் துரோகிகளின் உறவினர் சொத்தை விற்பது பற்றிய ஆணை. யார் ஏவினார்கள், ஏன் கொன்றார்கள், கொலை நடந்து 15 ஆண்டுக்கு மேல் ஆன பிறகு ஏன் இந்த ஆணை, ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடம்தான் முக்கால் நூற்றாண்டாக நம் ஆட்களை எழுத வைக்கிறது. நீங்களும் அதிலேயே போய் விழாதீர்கள். அங்கே கூட்டம் அதிகம். சக்கரவர்த்தி வேடத்துக்குச் செலவும் அதிகம், சண்டையும் அதிகம்.

குறைந்த செலவில் எடுக்கக்கூடிய, யாரும் தொடாத ஆட்கள் கல்வெட்டில் நிறைய. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடு கொடுப்பது வழக்கம். ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதியிருப்பார்கள், அதாவது சாகவும் கூடாது, கிழமாகவும் கூடாது. அவற்றைப் பொறுப்பேற்ற மன்றாடி, அதாவது இடையன், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சந்திர சூரியர் உள்ளவரை, அவன் வம்சத்துக்கே கடமை. மந்தையில் நோய் விழுந்தால்? நாற்பது ஆடு போய்விட்டால்? விளக்கு அணையக்கூடாது, நெய் குறையக்கூடாது, கணக்கன் வந்து தலை எண்ணுவான். ஒரு முழுத் தொடருக்கான கயிறு அதிலேயே இருக்கிறது. இதற்கு அரண்மனை செட் தேவையில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில், கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். சோழநாடு முழுவதிலுமிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து கோயிலை ஒட்டிய சில தெருக்களில் குடிவைத்தால் அங்கே என்னென்ன நடந்திருக்கும்? அது சுவரில் இல்லை. உங்களுக்கு விட்டிருக்கிறார்கள்.

கொஞ்சம் முன்னால் போகத் தயாரென்றால் உத்தரமேரூர். பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921. குடத்தில் ஓலை போட்டு ஊர் வாரியத்துக்கு, அதாவது நிர்வாகக் குழுவுக்கு, ஆள் எடுக்கும் குடவோலையைப் பள்ளிப் பாடமாகவே படித்துவிட்டதால் அது எவ்வளவு பரபரப்பான காட்சி என்பது நமக்குத் தெரிவதில்லை. 30 குடும்பு, அதாவது ஊரின் 30 பிரிவு. வயது 35க்கு மேல் 70க்குள், கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மட்டுமல்ல, அவன் உறவுக்காரனுக்கும் இடமில்லை. ஊரிலுள்ள நம்பிமார், அதாவது கோயில் பூசகர்கள், ஒருவர் விடாமல் வந்திருக்க வேண்டும். மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடிப்பார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்து, சபையின் நடுவரான மத்தியஸ்தனிடம் தருவான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கையில் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக்கூடாதே! இப்படி ஒரு விதியை எழுதினார்கள் என்றால் எவனோ ஒருவன் அதற்கு முன் மாற்றியிருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவன் யார் என்பதைக் கல் சொல்லவில்லை.

சரி, எழுதும்போது வரும் முதல் தடுமாற்றம் பேச்சு. பத்தாம் நூற்றாண்டு ஆள் எப்படிப் பேசினான் என்று ஒலிப்பதிவு இல்லை. அதனால் நாடகத் தமிழில் போய் விழுகிறோம். சமையல்காரியும் செய்யுள் நடையில் பேசுகிறாள். பெரிய கோயில் விமானத்தின் அடியில் ராஜராஜனே தன் வாய்மொழியாகச் சொல்லும் வரியைப் பாருங்கள்: ‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’. கொடுத்தன அல்ல, குடுத்தன. குந்தவையை அவன் சொல்வது ‘நம் அக்கன்’. இந்த எளிமையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எளிய தமிழ், குட்டை வாக்கியம், பதவிக்கும் உறவுக்கும் ஏற்ற மரியாதை. அதற்குமேல் அலங்காரம் வேண்டாம்.

பிறகு ஒரு வடிகட்டல். வசனம் முடிந்ததும் பின்னால் வந்த சொற்களைத் தேடி நீக்குங்கள். சாவி, சன்னல், மேசை, அலமாரி, பீப்பாய் எல்லாம் போர்த்துக்கீசியரோடு வந்தவை. சபாஷ், கைதி, வாரிசு, தயார், பதில், உஷார், சிப்பாய் எல்லாம் பாரசீக, அரபு வழியில் வந்தவை. ‘சபாஷ்’ சொல்லாத திரை மன்னன் நம்மிடம் குறைவு. ‘தயார்’, ‘பதில்’ இரண்டும் கண்ணில் படாமல் நழுவிவிடும், தனியாகத் தேட வேண்டும். நேரத்தில் நிமிடம் வேண்டாம். நாழிகை என்றால் 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை. ஆண்டைச் சொல்ல வேண்டுமென்றால் அரசனின் ஆட்சியாண்டு. பொன் எடைக்குக் கழஞ்சும் மஞ்சாடியும்: 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. நெல்லுக்கு 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். ஒருவன் ‘ஒரு மூட்டை பொன்’ என்று சொன்னால் பார்ப்பவன் காதில் அது வெறும் சத்தம்; ‘மூன்று கழஞ்சு குறைகிறது’ என்றால் கதை.

எழுத்து வடிவமும் இதோடு சேர்ந்தது. ஓலையை அருகில் காட்டும் காட்சியில் இன்றைய அச்சுத் தமிழ் இருந்தால் எல்லாம் போச்சு. அந்தக் கால எழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இடுவதில்லை. எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டுக்கு இன்று நாம் போடும் இரட்டைக்கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வழி வந்தது. வடசொல் வரும் இடத்தில் கிரந்த எழுத்து கலக்கும். பாண்டிய நாட்டில் நடக்கும் காட்சியென்றால் வட்டெழுத்து. கல்வெட்டு எழுத்து எழுதத் தெரிந்தவரைக் கூப்பிட்டுத் தேவையான ஓலைகளை ஒரே நாளில் எழுதி வாங்கிவிடலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு பொய்த் தாடிக்கு ஆவதைவிடக் குறைவு.

அடுத்து, தமிழ்நாட்டில் வெளிப்புறப் படப்பிடிப்பு. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் சீமைக்கருவேலம் நிற்கும். அது அமெரிக்கக் கண்டத்து மரம், இங்கே வந்தது 19ஆம் நூற்றாண்டில். சாலையோரத் தூங்குமூஞ்சி மரம், தைலமரம், குல்மொஹர், குளத்தில் ஆகாயத்தாமரை, மதில் மேல் காகிதப்பூ, மேட்டில் சப்பாத்திக்கள்ளி, பூக்கூடையில் செண்டுமல்லி, எல்லாம் பின்னால் வந்தவை. கோயில்களில் ஏதோ ஆதியிலிருந்தே இருப்பதுபோல் நிற்கும் நாகலிங்க மரம்கூடத் தென்னமெரிக்காவுடையது. டிரோன் ஷாட்டில் இவற்றை அழிப்பது வி.எஃப்.எக்ஸ். ஆட்களுக்கு நரகம். அதனால் இடம் பார்க்கப் போகும்போதே பனங்காடு, இலுப்பைத் தோப்பு, ஆற்றங்கரை மருதம், கடற்கரைப் புன்னை, தாழை என்று தேடுங்கள். பூக்கூடைக்கு மல்லிகை, செண்பகம், அரளி, செங்கழுநீர் போதும்.

சமையலறை இன்னும் ஆபத்து. மிளகாய் 1498க்குப் பிறகுதான் இந்தப் பக்கமே வந்தது. காரம் என்றால் மிளகும் திப்பிலியும். தக்காளி, உருளை, நிலக்கடலை, முந்திரி, பப்பாளி, கொய்யா, மக்காச்சோளம், மரவள்ளி எதுவும் இல்லை. திரைக்கதையில் யாரும் மிளகாய் என்று எழுதமாட்டார்கள். ஆனால் கலை உதவியாளர் சந்தைக் காட்சிக்குக் ‘கலர்’ வேண்டுமென்று பின்னணியில் சிவப்பாக ஒரு கூடை வைத்துவிடுவார். ஆகவே எதெது கூடாது என்ற பட்டியலை எழுத்தாளர்களிடம் கொடுத்துப் பயனில்லை, கலைத்துறைக்கும் சமையல் புராப்ஸ் வாங்கப்போகும் பையனுக்கும் கொடுங்கள்.

இது ஏதோ படித்தவர்களின் குறைகாணல் என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் கொரியாவில் ஒரு பெருஞ்செலவுத் தொடர் இரண்டே அத்தியாயத்தோடு நின்றுபோனது. ஜோசன் காலக் காட்சியில் சீனத்து நிலாக் கேக்கும் பதப்படுத்திய முட்டையும் மேசையில் இருந்ததுதான் தீப்பொறி. விளம்பரதாரர்கள் வரிசையாக விலகினார்கள்.

கட்டடத்துக்கு வருவோம். ராஜராஜன் காலத்தில் உயரமானது கருவறைக்கு மேல் எழும் விமானம், வாயிலில் நிற்கும் கோபுரம் அல்ல. வண்ணச் சுதை பொம்மைகளோடு வானளாவும் கோபுரம் பின்னணியில் வந்தால் அது பிற்காலம். திருவரங்கத்து ராஜகோபுரம் கட்டி முடிந்தது 1987இல். பெரிய கோயிலையே காட்டினாலும் பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலம், அம்மன் சந்நிதி அதற்கும் முந்திய பாண்டியர் காலம். தாராசுரம் அழகுதான், ஆனால் 12ஆம் நூற்றாண்டு. தஞ்சை அரண்மனை என்று இன்று இருப்பது நாயக்கரும் மராட்டியரும் கட்டியது.

சோழர் அரண்மனைகள் நிற்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் தோண்டியபோது கிடைத்தவை செங்கல் அடித்தளம், கூரை ஓடு, இரும்பு ஆணி. அதாவது செங்கல், சுண்ணாம்பு, மரத்தூண், ஓடு. உங்களைப் போன்ற சிறு பட்ஜெட்டுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. கருங்கல் போல் தோன்றச் செய்யும் பிளைவுட், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேலைக்குத்தான் காசு கரையும். அப்படித் தூண் வார்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரே அச்சில் இருபது தூண் வார்க்காதீர்கள். ஒரே கீறல் இருபது தூணிலும் ஒரே உயரத்தில் இருக்கும், கேமரா நகரும்போது காட்டிக்கொடுத்துவிடும். குறைந்தது மூன்று அச்சு, நிறுத்தும்போது திருப்பித் திருப்பி நிறுத்த வேண்டும். பளபளக்கும் எனாமல் கூடாது, மேட் பூச்சு. சில நாளிலேயே முனைகள் உடைந்து உள்ளிருக்கும் வெள்ளை தெரியும், தொட்டுப் பூச ஒரு பெயிண்டர் கடைசிவரை செட்டில் இருக்க வேண்டும்.

விளக்கு எண்ணெய் விளக்குதான், மெழுகுவத்தி கூடாது. அகல் விளக்கின் நிறவெப்பம் 1,900 கெல்வின் அளவில் இருக்கும். எல்.இ.டி.யை 3,200இல் வைத்துவிட்டு முன்னால் அகலை வைத்தால் இரண்டும் ஒட்டாது. சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது என்பதையும் செட் போடுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

உடைக்குச் சான்று வேண்டுமானால் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்நடையில் இருக்கும் ஓவியங்கள். நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல்தான் தெரியவந்தது. ஆண்கள் நீளமுடியை அள்ளி முடிந்திருப்பார்கள், தைக்காத துணி, மேலுக்குப் பெரும்பாலும் அணிகலன் மட்டும். பெண்களும் பல இடங்களில் அப்படியே. அதை இன்றைய திரையில் அப்படியே காட்ட முடியாது என்பதால் கச்சை கட்டுவது எல்லோரும் ஏற்றுக்கொண்ட சமரசம், அதில் தப்பில்லை. தப்பு எங்கே வருகிறதென்றால், ஆண் நடிகரின் உடம்பை மறைக்க ரோமானியப் பாணியில் மார்புக்கவசம் மாட்டும்போது. சித்திரை வெயிலில் அதைப் போட்டவர் பதினைந்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவார் என்பது வேறு.

துணி நிறம் அவுரி நீலம், சாயவேர்ச் சிவப்பு, மஞ்சள், கடுக்காய் சேர்ந்த பழுப்பு கறுப்பு, வெளுக்காத வெள்ளை. செயற்கைச் சாயம் பிறந்ததே 1856இல், ஆக மின்னும் ஊதாவும் ரோஸும் வேண்டாம். பாலியெஸ்டர் ஜரிகை விளக்கொளியில் வெள்ளையாக வெடிக்கும். வாங்கிய துணியை இரண்டு மூன்று முறை அலசி, வெயிலில் போட்டு, ஓரத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பழசாக்கிய பிறகே அளவெடுங்கள். முக்கியப் பாத்திரத்துக்கு ஒரே உடை இரண்டு படி. சண்டையோ மழையோ இருந்தால் டூப்புக்கும் சேர்த்து நாலு. விக் ஒட்டும் பசை வியர்வையில் விட்டுவிடும், அருகுக் காட்சிகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

நகைக்கு ஒன்று சொல்கிறேன். பட்டை தீட்டி ஜொலிக்கும் வைரம் அன்று இல்லை. பெரிய கோயிலுக்கு வந்த நகைகளைக் கல்வெட்டு எப்படிப் பட்டியலிடுகிறது என்றால், வைரத்தில் புள்ளி, கீறல், சிவப்புத் துளி, கரும்புள்ளி இருப்பதைக்கூடச் சேர்த்தே சொல்கிறது. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர், அதாவது நடராசர். இறைவன் பெயர் கொண்ட கல்லால் நிறுக்கும் பண்டாரத்தில் ஒரு மஞ்சாடி குறைகிறது என்று ஒரு காட்சி வைத்துப் பாருங்கள். தேடிப் படிக்க வேண்டியது தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 2ஆம் தொகுதி. பெரும்பகுதி பெரிய கோயில் மயம்.

அனுமதி விஷயத்தை இயக்குநர் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள், திரைக்கதையிலேயே குறைத்துவிடலாம். மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடத்தில் படம்பிடிக்கத் தனி உரிமம் வேண்டும். வழிபாட்டில் இருக்கும் கோயிலென்றால் கோயில் நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். குதிரை, மாடு, யானை எது வந்தாலும் விலங்கு நல வாரியத்திடம் முன்னனுமதி பெற வேண்டும், அந்தச் சான்று இல்லாமல் தணிக்கையில் நிற்கும். புலி, சிங்கம், கரடி, குரங்கு, சிறுத்தையை நடிக்க வைக்கவே தடை. அந்த 96 ஆட்டுக்கும் இது பொருந்தும் என்பதை மறந்துவிடாதீர்கள். காட்சியில் பதினைந்து இருபது ஆட்டை வைத்து, மீதியை மணிச் சத்தத்திலும் புழுதியிலும் காட்டுவது நல்லது.

கடைசியாக, ஆலோசகர். பல குழுக்கள் கல்வெட்டு அறிஞரைப் படம் முடிந்த பிறகு கூப்பிட்டுப் போட்டுக்காட்டுகின்றன. அப்போது அவர் என்ன சொன்னாலும் மாற்ற முடியாது, விளம்பரத்தில் பெயர் போட மட்டும்தான் உதவும். திரைக்கதையின் இரண்டாம் வரைவில் ஒருமுறை, செட் வரைபடமும் உடை மாதிரியும் தயாரானதும் ஒருமுறை, முதல் வெட்டு முடிந்து பின்னணி வேலை தொடங்கும் முன் ஒருமுறை என்று மூன்று முறை அவரை உட்கார வையுங்கள், ஊதியம் பேசியே உட்கார வையுங்கள். அரச குடும்பத்தாரின் பெயர் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் ‘கல்வெட்டில் உள்ளது’, ‘அனுமானம்’, ‘கற்பனை’ என்று ஓரத்தில் குறித்து வரச்சொல்லுங்கள். எந்த மன்னன் எந்தச் சாதி என்று நாளைக்கு யாராவது வழக்கறிஞர் கடிதம் அனுப்பினால் முதலில் கேட்கப்படுவது அந்தக் குறிப்பேடுதான்.